புளிப்புச் செர்ரி: தூக்கம், யூரிக் அமிலம், மூட்டுவலி... உண்மையிலேயே உதவுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

ஒரு கிளாஸில் ஐஸ் கட்டிகள். அதன்மேல் கருஞ்சிவப்பு நிறத்தில் செர்ரி ஜூஸ், ஒரு ஸ்பூன் மெக்னீசியம் பவுடர், மீதிக்கு சோடா. 2024-ன் தொடக்கத்தில் டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு சுற்று சுற்றி வந்த பானம் இது. "ஸ்லீப்பி கேர்ள் மாக்டெயில்" என்று பெயர். படுக்கப் போகும் முன் குடித்தால் அடித்துப் போட்டதுபோல் தூக்கம் வரும் என்பதுதான் அந்த வீடியோக்களின் ஒரே செய்தி.

அதன்பிறகு புளிப்புச் செர்ரிக்கு அடித்தது யோகம். தூக்கத்துக்கு நல்லது, யூரிக் அமிலத்தைக் கரைக்கும், மூட்டுவலி போகும், பிபி இறங்கும், ஜிம்முக்குப் போய்விட்டு வந்தால் உடம்பு வலிக்காது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நம்ம ஊரிலும் ஆன்லைன் கடைகளில் ஜூஸ், கேப்ஸ்யூல், உலர்பழம் என்று விதவிதமாகக் கிடைக்கிறது. விலையும் கொஞ்சநஞ்சமல்ல.

யூரிக் அமிலப் பிரச்சனைக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர், "ஜூஸ்தான் இருக்கே" என்று மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? சர்க்கரை நோயாளி தூக்கத்துக்காக தினமும் இரண்டு கிளாஸ் குடிக்கலாமா? இந்தப் பழத்தைப் பற்றி எது நிரூபணமானது, எது நிரூபணமாகாதது என்று பார்ப்போம்.

முதலில், இது எந்தச் செர்ரி?

பேக்கரியில் கேக் மேலே, பன்னுக்குள்ளே சிவப்பாகப் பளபளக்குமே, அதுவா? அது கிடையாது. நம்ம ஊர் பேக்கரிகளில் "செர்ரி" என்று வருவதில் பெரும்பகுதி செர்ரியே அல்ல. களாக்காயைக் கொட்டை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றியது. ருசி நன்றாகவே இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் எந்த ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காஷ்மீரிலிருந்தும் ஹிமாச்சலப் பிரதேசத்திலிருந்தும் கோடை தொடக்கத்தில் சின்னப் பெட்டிகளில் வருகிறதே, அது உண்மையான செர்ரிதான். ஆனால் பெரும்பாலும் இனிப்புச் செர்ரி வகை. அதன் தாவரவியல் பெயர் புருனஸ் ஏவியம். புளிப்புச் செர்ரியின் பெயர் புருனஸ் செராசஸ். இனிப்புச் செர்ரியும், குட்டையாக வளரும் ஸ்டெப்பி செர்ரி என்ற காட்டு வகையும் இயற்கையாகக் கலந்து பிறந்த இனம் இது என்பது தாவரவியலாளர்களின் கணிப்பு. பழம் சற்று சிறியது, மென்மையானது, கடித்தால் முகத்தைச் சுளிக்க வைக்கும்.

அதனால்தான் இதை யாரும் கூடையில் வைத்துக் கொறிப்பதில்லை. சமைப்பார்கள், உலர்த்துவார்கள், ஜூஸ் போடுவார்கள். ஈரானில் இதன் பெயர் ஆல்பாலு. சாதத்தோடும் இறைச்சியோடும் சேர்த்துச் செய்யும் ஆல்பாலு போலோ அங்கே விசேஷ உணவு. துருக்கியில் விஷ்னே என்பார்கள், அதன் ஜூஸ் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். ஹங்கேரியில் கோடைக்காலத்தில் இதைக் கொதிக்க வைத்து, புளிப்பு கிரீம் சேர்த்து, ஆறவைத்து, சில்லென்று சூப்பாகவே குடிக்கிறார்கள். ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் கேக்கில் முறைப்படி இருக்க வேண்டியதும் இந்தச் செர்ரிதான். நம்ம தெருமுனை பிளாக் ஃபாரஸ்டில் இருப்பது எது என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆன்டன் செகாவின் புகழ்பெற்ற கடைசி நாடகம் 'செர்ரித் தோட்டம்'. அதன் ரஷ்யத் தலைப்பில் வருவதும் புளிப்புச் செர்ரிதான். ரஷ்ய மொழியில் இரண்டு செர்ரிக்கும் தனித்தனிச் சொல் உண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்த வித்தியாசம் தொலைந்துவிடுகிறது.

எங்கே விளைகிறது?

ரஷ்யா, போலந்து, உக்ரைன், துருக்கி ஆகியவை அதிகம் விளைவிக்கும் நாடுகள். ஆனால் ஆரோக்கியம் சார்ந்த பேச்சு அதிகம் கிளம்பியது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து. அமெரிக்காவின் புளிப்புச் செர்ரியில் சுமார் நான்கில் மூன்று பங்கு அங்கிருந்துதான் வருகிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள டிராவர்ஸ் சிட்டி என்ற ஊர் தன்னை "உலகின் செர்ரித் தலைநகரம்" என்றே அழைத்துக்கொள்கிறது. ஜூலையில் செர்ரித் திருவிழா களைகட்டும்.

அங்கே முக்கிய ரகம் மான்ட்மோரன்சி. பெயர் பிரான்ஸிலிருந்து வந்தது. தோல் பளிச்சென்ற சிவப்பு, உள்ளே சதை வெளிர் மஞ்சள். ஹங்கேரியிலிருந்து கொண்டுவரப்பட்ட பலாட்டான் ரகமும் உண்டு, அது உள்ளேயும் கருஞ்சிவப்பு. அறுவடைக்கு ஆட்கள் பழம் பறிப்பதில்லை. எந்திரம் ஒன்று மரத்தைப் பிடித்து சில நொடி உலுக்கும். கீழே விரித்த படுதாவில் பழங்கள் மழையாகக் கொட்டும். உடனே குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். எளிதில் நசுங்கிவிடும் பழம் என்பதால் கையோடு கொட்டை நீக்கி உறையவைத்து விடுவார்கள். ஃப்ரெஷ் பழமாக இது அமெரிக்காவிலேயே பல ஊர்களில் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

விவசாயிகளுக்கு இது சூதாட்டமும்கூட. 2012 மார்ச்சில் மிச்சிகனில் வழக்கத்துக்கு மாறாக வெயில் அடித்து, மரங்கள் முன்கூட்டியே மொட்டு விட்டன. ஏப்ரலில் மீண்டும் உறைபனி. அந்த ஆண்டு விளைச்சலில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. இப்படிப்பட்ட ஒரு பயிருக்கு "ஆரோக்கிய உணவு" என்ற பெயர் கிடைத்தால் அந்தத் தொழிலுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. புளிப்புச் செர்ரி ஆய்வுகள் பலவற்றுக்கு செர்ரித் தொழில் அமைப்புகள் நிதியோ பழச்சாறோ கொடுத்திருக்கின்றன. அதனாலேயே அந்த ஆய்வுகள் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் படிக்கும்போது ஒரு கண் அங்கேயும் இருக்கட்டும்.

பழத்துக்குள் என்ன இருக்கிறது?

100 கிராம் புளிப்புச் செர்ரியில் சுமார் 50 கலோரி, எட்டரை கிராம் சர்க்கரை, 1.6 கிராம் நார்ச்சத்து, 10 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அதே அளவு இனிப்புச் செர்ரியில் சர்க்கரை கிட்டத்தட்ட 13 கிராம். வைட்டமின் ஏ விஷயத்தில் மட்டும் புளிப்புச் செர்ரி, இனிப்புச் செர்ரியைவிட ஏறத்தாழ 20 மடங்கு முன்னே நிற்கிறது.

வைட்டமின் சி வேண்டும் என்பதற்காக யாரும் இதைத் தேடிப் போக வேண்டாம். நம்ம நெல்லிக்காய் இதைப்போல் பல மடங்கு தரும், விலையும் சல்லிசு.

புளிப்புச் செர்ரியின் பெயர் அடிபடுவதற்குக் காரணம் வேறு. அதன் சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின்கள், மற்ற பாலிஃபீனால்கள். இவை உடலில் அழற்சியைக் கட்டுப்படுத்த உதவுகின்றன என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் நிறைய உண்டு. நாவல்பழத்திலும் கருப்பு திராட்சையிலும் இருப்பதும் இதே குடும்பத்து நிறமிகள்தான்.

தூக்கம் வருமா?

2001-ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ ஆய்வாளர்கள் புளிப்புச் செர்ரியில் மெலடோனின் இருப்பதை அளந்து வெளியிட்டார்கள். இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன் அது. மான்ட்மோரன்சி ரகத்தில் ஒரு கிராம் பழத்துக்கு சுமார் 13 நானோகிராம். பலாட்டானில் 2 நானோகிராம்தான்.

"மெலடோனின் நிறைந்த பழம்" என்று விளம்பரம் செய்வது இதை வைத்துத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை மாறும். 100 கிராம் மான்ட்மோரன்சியில் இருப்பது 1.3 மைக்ரோகிராம். கடைகளில் விற்கும் ஒரு சாதாரண மெலடோனின் மாத்திரையில் 3 மில்லிகிராம், அதாவது 3,000 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் இருப்பதைப் பழமாகச் சாப்பிட வேண்டுமென்றால் 220 கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்!

அப்போ எல்லாமே பொய்யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 2010-ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தூக்கமின்மை உள்ள 15 முதியவர்களுக்குப் புளிப்புச் செர்ரி ஜூஸ் கொடுத்துப் பார்த்தார்கள். இரவில் நடுவே விழித்துக் கிடக்கும் நேரம் குறைந்தது. ஆனால் படுத்தபின் தூக்கம் பிடிக்க ஆகும் நேரத்திலும், மொத்தத் தூக்க நேரத்திலும் போலி பானத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியவில்லை. 2012-ல் இங்கிலாந்தின் நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகம் 20 ஆரோக்கியமான நபர்களிடம் 7 நாள் நடத்திய சோதனையில் தூக்க நேரமும் கூடியது, சிறுநீரில் வெளியேறும் மெலடோனின் அளவும் கூடியது.

இன்ஸ்டாகிராமில் அடிக்கடி வரும் "84 நிமிடம் கூடுதல் தூக்கம்" என்ற எண் 2018-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்தது. தூக்கமின்மை உள்ள 50 வயது தாண்டியவர்களுக்கு தினம் இருவேளை தலா 240 மில்லி ஜூஸ், இரண்டு வாரம். எண் உண்மைதான். ஆனால் ஆய்வை முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? எட்டே பேர்.

மெலடோனின் அளவு இவ்வளவு குறைவு என்றால் தூக்கம் எப்படிக் கூடுகிறது? அதே லூசியானா ஆய்வாளர்கள் வேறொரு காரணம் சொல்கிறார்கள். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் உடல் தனக்கு வேண்டிய மெலடோனினைத் தயாரிக்கிறது. அழற்சி இருக்கும்போது ஒரு நொதி இந்த டிரிப்டோஃபானைச் சிதைத்துவிடும. செர்ரியில் உள்ள சில பாலிஃபீனால்கள் அந்த நொதியைத் தடுக்கின்றன என்பது அவர்கள் வாதம். சுவாரசியமான கருத்துதான். இன்னும் பெரிய எண்ணிக்கையில் சோதிக்கப்பட வேண்டும்.

நடைமுறையில் இதன் அர்த்தம் எளிமையானது. எப்போதாவது தூக்கம் தள்ளிப்போகும் ஆரோக்கியமான ஒருவர் முயன்று பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. மாதக்கணக்கில் தூக்கம் இல்லாதவர் விஷயம் அப்படியல்ல. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது தூக்கப் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சை. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது போன்றவை இருந்தால் அது ஜூஸுக்கு உட்பட்ட பிரச்சனையே இல்லை.

யூரிக் அமிலம்: கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி

செர்ரிக்கும் கௌட் நோய்க்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததல்ல. 1950-ல் டெக்சாஸ் மருத்துவ இதழ் ஒன்றில் லுட்விக் பிளாவ் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அவரே கௌட் நோயாளி. தினமும் செர்ரி சாப்பிட்ட 12 பேருக்கு வலி குறைந்து, யூரிக் அமிலமும் கட்டுக்குள் வந்தது என்பது அவர் சொன்னது. ஒப்பிட்டுப் பார்க்க செர்ரி சாப்பிடாத குழு எதுவும் அதில் இல்லை. ஆனாலும் "கௌட் என்றால் செர்ரி" என்ற நம்பிக்கை அங்கிருந்து பற்றிக்கொண்டது.

கௌட் என்பது என்ன? உணவிலும் உடல் செல்களிலும் உள்ள பியூரின்கள் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். தேங்கிவிட்டால் ஊசி போன்ற படிகங்களாகி மூட்டுகளில் படியும். பெரும்பாலும் முதலில் மாட்டுவது கால் கட்டைவிரல். நடுராத்திரியில் திடீரென்று வீங்கி, சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகும் வலி. சில நாளில் தானே அடங்கும். அடங்கிவிட்டதே என்று விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. படிகங்கள் உள்ளேயே இருக்கும். ஆண்டுகள் போகப் போக மூட்டு சிதையும், சிறுநீரகக் கல், சிறுநீரகப் பாதிப்பு என்று வேறு இடங்களிலும் கணக்கைத் தீர்க்கும்.

இனி ஆய்வுகள். 2003-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 10 ஆரோக்கியமான பெண்களுக்கு 280 கிராம் செர்ரி கொடுத்து ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 5 மணி நேரத்தில் யூரிக் அமிலம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்குக் கொடுத்தது இனிப்புச் செர்ரி. புளிப்புச் செர்ரி விளம்பரங்கள் இந்த ஆய்வையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வதுண்டு.

பெரிய அளவில் பேசப்பட்டது 2012-ல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு. கௌட் உள்ள 633 பேரை இணையம் வழியே ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வலி வந்த நாட்களையும் வராத நாட்களையும் ஒப்பிட்டார்கள். முந்தைய இரண்டு நாளில் செர்ரி சாப்பிட்டிருந்தால் திடீர் வலி வரும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவு. அலோபியூரினால் என்ற யூரிக் அமில மாத்திரையும் சேர்ந்திருந்தால் 75 சதவீதம் குறைவு.

இந்த 75 சதவீதம்தான் பலரும் தவறாகப் படிக்கும் இடம். மாத்திரையை விட்டுவிட்டு செர்ரி சாப்பிட்டவர்களுக்கு வந்த பலன் அல்ல இது. மாத்திரையும் செர்ரியும் சேர்ந்தபோது வந்தது. அதோடு, இது அவர்களாகவே சொன்ன உணவுக் கணக்கை வைத்துச் செய்த கண்காணிப்பு ஆய்வு. செர்ரி சாப்பிடும் அக்கறை உள்ளவர், அந்த நாட்களில் மதுவையும் இறைச்சியையும் குறைத்திருக்கவும் கூடும். இத்தகைய விஷயங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக ஆய்வாளர்கள் சொன்னாலும், காரணம் செர்ரிதான் என்று அடித்துச் சொல்ல இந்த வகை ஆய்வால் முடியாது.

அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் நியூசிலாந்து ஆய்வாளர்கள். முடிவு 2020-ல் வெளியானது. கௌட் உள்ள 50 பேர், அதில் பாதிப் பேர் அலோபியூரினால் எடுப்பவர்கள். புளிப்புச் செர்ரி கான்சென்ட்ரேட்டை வெவ்வேறு அளவுகளில், சிலருக்குப் போலி பானமாக, 28 நாள் கொடுத்தார்கள். எந்த அளவிலும் ரத்த யூரிக் அமிலத்தில் மாற்றம் இல்லை.

அப்போ 633 பேர் ஆய்வு தப்பா? இரண்டும் அளந்தது வேறு வேறு. ஒன்று வலி வரும் வாய்ப்பை அளந்தது, மற்றொன்று ரத்த அளவை. செர்ரி யூரிக் அமிலத்தைக் குறைக்காமலேயே, படிகங்களால் கிளம்பும் அழற்சியைக் கொஞ்சம் தணிக்கலாம் என்பது ஒரு விளக்கம். அது உண்மையாக இருந்தால் ஒரு சிக்கலும் கூடவே வருகிறது. வலி குறைந்துவிடும், படிகம் குறையாது. மூட்டுக்குள் நடக்கும் சேதம் சத்தமில்லாமல் தொடரும்.

கௌட் உள்ளவர்களுக்கு ரத்த யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழ் கொண்டுவந்து அங்கேயே வைத்திருப்பதுதான் சிகிச்சையின் இலக்கு. அலோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட் போன்ற மருந்துகள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. புளிப்புச் செர்ரி இதுவரை காட்டவில்லை. மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துபவர்களுக்கு எண் மீண்டும் ஏறும், வலியும் திரும்பி வரும்.

இன்னொரு முரணும் இருக்கிறது. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் உடலில் சிதையும்போது யூரிக் அமிலத்தைக் கூட்டும். ஃபிரக்டோஸ் அதிகமுள்ள இனிப்புப் பானங்களுக்கும் கௌட்டுக்கும் தொடர்பு இருப்பது 2008-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்துவிட்டது. ஆக, சர்க்கரை சேர்த்த செர்ரி ஜூஸை யூரிக் அமிலத்துக்கு மருந்தாகக் குடிப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கும் கதை.

உடற்பயிற்சி செய்பவர்களுக்கு?

சான்றுகள் ஓரளவு தெம்பாக இருப்பது இங்கேதான். 2006-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் 14 கல்லூரி மாணவர்களுக்கு 8 நாள் செர்ரி ஜூஸ் கொடுத்து, நடுவில் ஒரு நாள் கை தசைகளுக்குக் கடும் பயிற்சி தந்தார்கள். போலி பானம் குடித்தபோது தசை வலிமை சராசரியாக 22 சதவீதம் குறைந்தது. செர்ரி குடித்தபோது 4 சதவீதம்தான்.

2010-ல் வெளியான இரண்டு ஆய்வுகளும் ஓட்டப்பந்தய வீரர்களைப் பற்றியவை. லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரிடம் நடந்த சோதனையில், ஜூஸ் குடித்தவர்களின் தசை வலிமை வேகமாகத் திரும்பியது. ஆரிகானில் நடக்கும் நெடுந்தூர ரிலே ஓட்டத்தில் கலந்துகொண்ட 54 பேரில், ஜூஸ் குடித்தவர்களுக்கு ஓட்டத்துக்குப் பிந்தைய வலி குறைவு. எல்லாரிடமும் இப்படி வந்துவிடவில்லை. வாட்டர் போலோ வீரர்களிடம் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை. தண்ணீருக்குள் ஆடும் ஆட்டத்தில் தசை நார்கள் கிழிபடுவது குறைவு என்பது காரணமாக இருக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது நேரம். ஓடி முடித்தபின் ஒரு கிளாஸ் குடிப்பது பற்றியதல்ல இந்த ஆய்வுகள். போட்டிக்கு 5 முதல் 7 நாள் முன்பே தொடங்கிக் குடித்தவர்கள் அவர்கள். காலையில் 20 நிமிடம் பூங்காவில் நடப்பவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

பிபி, முழங்கால் வலி

நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் லேசான ரத்த அழுத்தம் உள்ள 15 ஆண்களுக்கு 60 மில்லி கான்சென்ட்ரேட் கொடுத்தபோது, சுமார் இரண்டு மணி நேரத்தில் மேல் அளவு 7 புள்ளி வரை இறங்கியது. சில மணி நேரத்தில் பழைய நிலைக்கே வந்தது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் 65 வயதைத் தாண்டிய 37 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில் 4 புள்ளி அளவுக்குக் குறைவு. பிபி மாத்திரை எடுப்பவர் இதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முழங்கால் தேய்மானத்துக்கு 58 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. ஜூஸ் குடித்த காலத்தில் வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் போலி பானத்தோடு ஒப்பிட்டபோது உறுதியான வித்தியாசம் இல்லை.

அமெரிக்க அரசே எச்சரித்தது

செர்ரி வியாபாரிகள் எல்லை தாண்டியது புதிதல்ல. 2005 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, 29 செர்ரி நிறுவனங்களுக்கு ஒரே வீச்சில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. புற்றுநோய், இதய நோய், மூட்டுவலி ஆகியவற்றுக்கு நல்லது என்று லேபிளிலும் இணையதளத்திலும் எழுதினால், அது உணவு அல்ல மருந்து. மருந்து என்றால் நிரூபித்து அனுமதி வாங்கு என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். இருபது ஆண்டு கழித்து, அதே வாக்கியங்கள் இப்போது ரீல்ஸில் வருகின்றன. பேசுபவர் நிறுவனம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

யாரெல்லாம் யோசித்துக் குடிக்க வேண்டும்?

முதல் ஆள் சர்க்கரை நோயாளி. சர்க்கரை சேர்க்காத புளிப்புச் செர்ரி ஜூஸே ஒரு கிளாஸில் 25 முதல் 33 கிராம் வரை சர்க்கரை கொண்டது. ஆய்வுகளில் கொடுத்தது போல தினம் இரண்டு கிளாஸ் என்றால் 50 கிராமைத் தாண்டும். ஒரு நாளைக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் ஜூஸ் சர்க்கரையும் சேர்த்து, 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 50 கிராமுக்குள்ளும், முடிந்தால் 25 கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று லேபிளில் இருந்தால், சர்க்கரையே இல்லை என்று அர்த்தமில்லை. முழுப் பழமாகச் சாப்பிட்டால் நார்ச்சத்தும் கூட வரும், அளவும் தானே கட்டுப்படும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் பொட்டாசியம் அளவைப் பார்த்தே எந்தப் பழச்சாறும் குடிக்க முடியும் என்பதால், டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. செர்ரியில் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் உண்டு. வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பழத்தைக் கொட்டையோடு மிக்ஸியில் போட்டு அரைப்பது கூடவே கூடாது. கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் உள்ளது. நசுங்கினால் உடலில் சயனைடாக மாறும். தெரியாமல் ஒரு கொட்டையை முழுசாக விழுங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, அப்படியே வெளியே போய்விடும். சின்னக் குழந்தைகளுக்குக் கொட்டை தொண்டையில் சிக்கும் என்பது தனி ஆபத்து.

செர்ரியும் பாலும் சேர்ந்தால் விஷம் என்று ஒரு நம்பிக்கை அமெரிக்காவில் உண்டு. காரணம் ஒரு ஜனாதிபதி. 12-வது ஜனாதிபதி ஸக்கரி டெய்லர் 1850 ஜூலை 4-ம் தேதி, கொளுத்தும் வெயிலில் சுதந்திர தின விழாவில் நின்றுவிட்டு வந்து, செர்ரியும் ஐஸ் போட்ட பாலும் நிறைய சாப்பிட்டார். ஐந்தாம் நாள் இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் தீராமல், 1991-ல் உடலைத் தோண்டி எடுத்து ஆர்சனிக் இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். விஷம் வைத்த அளவுக்கு எதுவும் இல்லை. அன்றைய வாஷிங்டனின் அசுத்தமான குடிநீரும், அதனால் வந்த வயிற்றுக் கோளாறும்தான் காரணம் என்பது பலரது கணிப்பு. செர்ரிக்கு வந்த கெட்ட பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வாங்குவதாக இருந்தால் லேபிளில் என்ன பார்ப்பது?

தமிழ்நாட்டில் ஃப்ரெஷ் புளிப்புச் செர்ரி கிடைப்பது அரிது. கிடைப்பவை பெரும்பாலும் இறக்குமதியான ஜூஸ், கான்சென்ட்ரேட், உலர்பழம். பாட்டிலின் பின்பக்கம் உள்ளடக்கப் பட்டியலில் முதல் பெயராகச் செர்ரி இருக்க வேண்டும். "செர்ரி டிரிங்க்", "செர்ரி ஃப்ளேவர்" என்று இருந்தால், அதில் ஆப்பிள் ஜூஸும் சர்க்கரையும்தான் அதிகம் இருக்கும். மான்ட்மோரன்சி என்று ரகத்தின் பெயர் போட்டிருந்தால், பெரும்பாலான ஆய்வுகளில் பயன்பட்ட பழம் அதுதான்.

கான்சென்ட்ரேட்டை அப்படியே குடிப்பதில்லை. 30 மில்லி எடுத்துத் தண்ணீர் கலந்து குடிப்பார்கள். அந்த 30 மில்லியில் சுமார் 90 முதல் 100 பழங்களின் சாறு அடங்கியிருக்கும், 15 கிராமுக்கு மேல் சர்க்கரையும் இருக்கும். உலர்பழத்தில் புளிப்பை மறைக்கப் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்வது நல்லது. கேப்ஸ்யூல்களில் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் அளவு மாறும். மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஜூஸையும் கான்சென்ட்ரேட்டையும் வைத்து நடந்தவை, அந்த எண்களை கேப்ஸ்யூல் டப்பாவுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

பேக்கரிச் செர்ரியின் சிவப்பு பற்றியும் ஒரு தகவல். அப்படிப்பட்ட பளிச் சிவப்புக்கு உலகம் முழுக்கப் பயன்பட்டுவந்த சாயங்களில் ஒன்று எரித்ரோசின். அமெரிக்காவில் இதன் பெயர் ரெட் 3. ஆய்வக எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததைக் காரணம் காட்டி, 2025 ஜனவரியில் எஃப்டிஏ இதை உணவில் பயன்படுத்த வழங்கியிருந்த அனுமதியை ரத்து செய்தது. உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம் தரப்பட்டுள்ளது. லேபிளில் இந்தச் சாயம் 127 என்ற எண்ணாகவும் குறிப்பிடப்பட்டிருக்கும்.